மூக்கை ஒட்டியவரின் பெயர் என்ன?

1814ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி. லண்டன், செல்சியில் இருந்த யோர்க் வைத்தியசாலை. ஜோசப் கார்ப்பியூ என்ற சத்திரசிகிச்சையாளர் மூக்கை இழந்த ஓர் இராணுவ அதிகாரியின் நெற்றித் தோலை வெட்டி, கீழே இறக்கி, மூக்கு இருந்த இடத்தில் வைத்துத் தைக்கிறார். மயக்க மருந்து வராத காலம். கால் மணி நேரத்தில் வேலை முடிகிறது. அந்த மனிதருக்குப் புது மூக்கு கிடைக்கிறது.

அதே 1814இன் கடைசி மாதங்கள். நம்ம கண்டி. ஆங்கிலேயர் ஆண்ட கரையோரத்திலிருந்து வியாபாரத்துக்காக மலை ஏறி வந்த பத்து வணிகர்கள் ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில் பிடிபடுகிறார்கள். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆணைப்படி அவர்களுடைய மூக்கும் காதும் கையும் வெட்டப்படுகின்றன. ஏழு பேர் செத்துப்போகிறார்கள். மிச்சம் மூன்று பேர் வெட்டப்பட்ட உறுப்புகள் கழுத்தில் தொங்க கொழும்பு போய்ச் சேருகிறார்கள்.

லண்டனில் ஒரு மூக்கு ஒட்டப்படுகிறது, அதே காலத்தில் கண்டியில் மூக்குகள் அறுக்கப்படுகின்றன. இதைப் படித்ததும் "வெள்ளைக்காரன் முன்னேறியவன், நம்ம ஆட்கள் காட்டுமிராண்டிகள்" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். அன்றைய ஆங்கிலேய ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக் உலகத்துக்குச் சொன்ன கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் கார்ப்பியூ அந்த வேலையை எங்கிருந்து கற்றார் என்று கேட்டால் கதை மாறிவிடும். அவர் கற்றது பூனாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்த, செங்கல் செய்கிற சாதியைச் சேர்ந்த ஒரு மனிதரின் கைவேலையிலிருந்து. இந்தக் கட்டுரை அந்த மனிதரைப் பற்றியது.

மூக்கில் என்ன இருக்கு?

தமிழில் ஒருத்தரை அவமானப்படுத்தினால் "மூக்கறுத்துட்டான்" என்கிறோம். விவாதத்தில் தோற்றால் "மூக்குடைஞ்சுது" என்கிறோம். கையையோ காலையோ வைத்து இப்படி ஒரு பேச்சு இல்லை. கை போனால் சால்வையால் மறைக்கலாம். மூக்கு போனால் மறைக்க வழியில்லை. எதிரே வருகிற ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால்தான் தண்டனை கொடுத்தவர்கள் மூக்கைத் தேடிப் போனார்கள். குற்றவாளியைக் கொல்லாமல், சாகும்வரை அவன் முகத்திலேயே தீர்ப்பை எழுதிவிடுகிற வழி அது.

மூக்கறுப்பு போராக வெடித்த கதையும் நமக்குப் பழக்கமானதுதான். சூர்ப்பணகையின் மூக்கை இலக்குவன் அறுத்ததில்தான் இலங்கைப் போரின் நெருப்பு பற்றுகிறது. அது காவியம். வரலாற்றிலும் ஒன்று இருக்கு. 1656 வாக்கில் மைசூர் மன்னர் கந்தீரவ நரசராஜாவின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்தது. போன வழியெல்லாம் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்து, மூட்டை கட்டி மைசூருக்கு அனுப்பியது. அப்போது நோயில் கிடந்த திருமலை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதியின் உதவியோடு அந்தப் படையை விரட்டினார். பிறகு மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் போய் அதே வேலையைத் திருப்பிச் செய்தது. வரலாற்று நூல்களில் இதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். அந்தக் காலத்தில் மதுரைப் பகுதியில் இருந்த யேசுசபைப் பாதிரியார்களின் கடிதங்களில் இந்தக் கொடுமை பதிவாகியிருக்கிறது. இரண்டு பக்கமும் மூக்கை இழந்தவர்களில் பெரும்பாலானோர் அரசர்களின் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத குடியானவர்கள்.

போர்க்களத்துக்கு வெளியிலும் கத்தி ஓயவில்லை. மனைவியின் மீது சந்தேகப்பட்ட கணவன் அவள் மூக்கை அறுப்பது இந்தியாவின் பல பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் நடந்தது. போரில் மூக்கறுபட்டவனை ஊர் பாவம் என்றாவது பார்க்கும். வீட்டுக்குள் மூக்கறுபட்ட பெண்ணுக்கு அதுவும் இல்லை, அவள் முகமே அவளுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

இப்படி அறுபட்ட மூக்குகள் நிறைய இருந்த நாட்டில், ஒட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் இந்தியாவில் வாழ்ந்த வெனிஸ்காரர் நிக்கோலோ மனூச்சி, மைசூர்க்காரர்களுடன் நடந்த சண்டையில் மூக்கறுபட்ட பிஜாப்பூர்க்காரர்களுக்கு உள்ளூர் வைத்தியர்கள் நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்ததை எழுதி வைத்திருக்கிறார். கார்ப்பியூவின் கத்திக்கு நூறு வருடங்களுக்கும் முந்தைய பதிவு அது.

வண்டிக்காரர் காவஸ்ஜி

இனி பூனாவுக்கு வருவோம். 1792இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர் காவஸ்ஜி என்ற மராட்டிய விவசாயி. துப்பாக்கி பிடித்தவர் இல்லை. படைக்கு அரிசியும் மூட்டை முடிச்சும் ஏற்றிப் போனவர். திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பிவிட்டார்கள். எதிரிக்குச் சாமான் ஏற்றினால் இதுதான் கதி என்று மற்ற வண்டிக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி அது.

ஏறத்தாழ ஒரு வருடம் மூக்கில்லாமல் இருந்தார் காவஸ்ஜி. பிறகு பூனாவுக்குப் பக்கத்தில் ஒருவரிடம் போய்ப் புது மூக்கு வைத்துக்கொண்டார். பம்பாயைச் சேர்ந்த தோமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபின்ட்லே என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையை நேரில் பார்த்தவர்கள். அப்போது அந்தப் பக்கம் ஓவியம் வரைந்துகொண்டிருந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் வேல்ஸ், தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கும் காவஸ்ஜியை வரைந்தார். நெற்றியில் தழும்பும் முகத்தில் புது மூக்குமாக இருக்கும் படம். 1794 ஒக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மெகசின்' இதழில் செய்முறை விளக்கமும் படமும் வெளியாயின. கடிதத்தின் கீழே பி.எல். என்ற இரண்டு எழுத்துகள் மட்டும்.

அந்தக் கடிதத்தில் நோயாளிக்குப் பெயர் இருக்கு. பார்த்த மருத்துவர்களுக்குப் பெயர் இருக்கு. வரைந்தவருக்கும் இருக்கு. மூக்கைச் செய்தவருக்கு மட்டும் சாதிதான் இருக்கு: "செங்கல் செய்கிற சாதியைச் சேர்ந்த ஒருவர்". பின்னால் எழுதியவர்கள் அவரைக் குயவர் என்றார்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை.

சரி, எப்படி ஒட்டினார்?

செய்முறை எளிமையாகத் தெரியும். உட்கார்ந்து யோசித்தால்தான் அதன் புத்திசாலித்தனம் விளங்கும்.

முதலில் மெழுகைத் தகடாக்கி, மூக்கு இருந்த இடத்தில் வைத்து, புது மூக்கின் வடிவத்துக்கு வளைப்பார். பிறகு அந்த மெழுகை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு இழுப்பார். முப்பரிமாண மூக்குக்கு எவ்வளவு தோல் வேணும் என்ற கணக்கு இதிலேயே முடிந்துவிடுகிறது. நம்ம தையல்காரர் துணியை வெட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் அளவு வெட்டுவதுபோலத்தான்.

அடுத்து அந்தக் கோட்டின் வழியே தோலை வெட்டி உரிப்பார். ஆனால் முழுக்க வெட்டி எடுக்க மாட்டார். இரண்டு கண்களுக்கும் நடுவில் ஒரு சிறு பட்டையை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார். சூட்சுமம் முழுக்க அந்தப் பட்டையில்தான் இருக்கு. உரித்த தோலை அந்த இடத்திலேயே ஒரு திருப்பு திருப்பிக் கீழே இறக்கி, ஏற்கனவே கீறிப் பச்சைப் புண்ணாக்கி வைத்த மூக்கின் ஓரத்தில் பொருத்துவார். இந்தப் பூனா முறையில் தையல் கிடையாது. வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து, துணிப் பட்டைகளில் தடவி, ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிடுவார். காசுக்கட்டியின் துவர்ப்பு சதையை இறுக்கும். சாயத்தண்ணி குடித்தால் நாக்கை இறுக்குகிற அதே வகைத் துவர்ப்புதான்.

நாலு நாள் கழித்து அந்தப் பட்டைகளை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. முதல் ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேணும். பத்தாவது நாள் மூக்குத் துவாரங்கள் மூடிப்போகாமல் இருக்க மெல்லிய துணியைச் சுருட்டி உள்ளே வைப்பார். 25ஆவது நாள் வாக்கில், கண்களுக்கு நடுவே விட்டுவைத்த பட்டையை வெட்டிவிடுவார். வேலை முடிந்தது.

ஏன் 25 நாள் காத்திருக்க வேணும்? எங்க வீட்டுப் பக்கம் ஒட்டு மரம் கட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நெருக்கு ஒட்டு என்று ஒரு முறை இருக்கு. நல்ல மாமரத்தின் கிளையைத் தாய்மரத்திலிருந்து பிரிக்காமலே, சட்டியில் இருக்கும் கன்றோடு பட்டையைச் சீவிச் சேர்த்துக் கட்டுவார்கள். இரண்டும் ஒன்றாகிப் புதுக் கன்றிலிருந்து சாறு ஏறத் தொடங்கும்வரை கிளைக்குத் தாய்மரமே சாப்பாடு போடும். ஒட்டு பிடித்த பிறகுதான் தாயிலிருந்து அறுப்பார்கள். நெற்றித் தோலும் அப்படித்தான். புருவத்தின் உள்முனைக்குப் பக்கத்தில் நெற்றிக்கு மேலேறுகிற ஒரு சின்ன இரத்தக் குழாய் இருக்கு. விட்டுவைத்த பட்டைக்குள் அது ஓடுகிறது. புது இடத்தில் புதிய இரத்த ஓட்டம் உண்டாகும்வரை தோலை உயிரோடு வைத்திருப்பது அதுதான்.

முழுக்க வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டுகிற தோல் ஒட்டு வேறு வேலை. அதுக்குத் தோலை மெல்லிசாகச் சீவ வேணும், அடியில் நல்ல இரத்த ஓட்டமுள்ள படுக்கை வேணும். மூக்கு போன்ற தடிப்பான உறுப்பைச் செய்ய இப்படி உயிர்ப்பாலத்தோடு நகர்த்துகிற தோல் மடல்தான் சரி. இரத்தக் குழாயின் படத்தைப் பார்க்காத ஒரு கைவினைஞர், எந்த இடத்தை வெட்டக் கூடாது என்பதைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தார்.

குறையும் இருந்தது. வெறும் தோலால் செய்த மூக்கு உள்ளே தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் காலப்போக்கில் சுருங்கிப்போகும். உள்பக்கப் படலம், நடுவில் குருத்தெலும்பு, வெளியே தோல் என்று மூன்று அடுக்கும் வேணும் என்பது பின்னால் வந்த பாடம். இன்றைக்குக் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்துத் தாங்கு கொடுக்கிறார்கள்.

காதுகுத்தும் சுஸ்ருதரும்

இந்த இடத்தில் யாராவது "எல்லாம் சுஸ்ருதர் அப்பவே சொல்லிட்டார்" என்று ஆரம்பிப்பார்கள். உலகின் முதல் பிளாஸ்டிக் சேர்ஜரி நம்மவர் செய்தது என்று வட்ஸ்அப்பில் வருகிற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் உண்மை இருக்கு. ஆனால் பாதி.

சுஸ்ருத சம்ஹிதையின் முதல் பகுதியான சூத்திரஸ்தானத்தில், 16ஆவது அத்தியாயம் காதுகுத்தில் தொடங்குகிறது. குழந்தைக்கு எப்படிக் காது குத்துவது, குத்திய துளையை எப்படிப் பெரிதாக்குவது, இழுத்து இழுத்துக் காதுமடல் அறுந்துபோனால் எப்படி இணைப்பது என்று போகிறது. அறுந்த காதை இணைக்க மட்டும் பதினைந்து வகை. அதன் வால்பகுதியில்தான் மூக்கு வருகிறது. ஒரு மரத்தின் இலையை மூக்கின் அளவுக்கு எடுத்து, அந்த அளவில் கன்னத்திலிருந்து தோலை, ஒரு பக்கம் ஒட்டியபடியே விட்டு, எடுத்துப் பொருத்தச் சொல்கிறது. மூச்சுக்கு இரண்டு குழாய்களை வைக்கச் சொல்கிறது.

எங்களுக்கு இதில் பிடித்தது, பெரிய சத்திரசிகிச்சை ஒன்று காதுகுத்து என்கிற வீட்டுச் சடங்கின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. தண்டட்டியும் பாம்படமும் போட்டுக் காதைத் தோள்வரை வளர்த்த பாட்டிகளின் வழிவந்தவர்கள் நாங்கள். கனமான நகை காதை அறுக்கும், அறுந்ததை யாரோ ஒருத்தர் இணைக்க வேணும். தேவை அன்றாடம் இருந்த இடத்தில் கை பழகும். கை பழகிய இடத்தில் துணிச்சல் வரும்.

ஆனால் கவனியுங்கள், சுஸ்ருதர் சொன்னது கன்னத் தோல். பூனாவில் எடுத்தது நெற்றித் தோல். நெற்றி முறை அந்த நூலில் இல்லை. நூலில் இருந்ததை யாரோ மாற்றியிருக்கிறார்கள் அல்லது தனியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். எப்படியானாலும் அந்த வேலையை நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தவை குயவர் போன்ற சாதிகளின் கைகள். இரத்தமும் சீழும் தீட்டு என்று ஒதுங்கியவர்களுக்குப் பதிலாக அதைத் தொட்டவர்கள் அவர்கள். முனிவரின் படத்தைப் போட்டுப் பெருமைப்படும் பதிவுகளில் செங்கல் சூளையின் புழுதி படிந்த அந்தக் கைகள் வருவதே இல்லை. லண்டன் இதழ் அவர் பெயரைக் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

போன வழி

ஐரோப்பாவுக்கு இந்த யோசனையே புதிது என்றும் சொல்ல முடியாது. 1597இல் பொலோஞா பல்கலைக்கழகப் பேராசிரியர் காஸ்பரே தாலியாகோசி கைத் தோலால் மூக்கு செய்வதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். புஜத்தில் தோலைக் கிளப்பி, கையை முகத்தோடு சேர்த்துக் கட்டி, பல நாள் அப்படியே வைத்திருக்கும் முறை. அவரும் நூலின் தலைப்பிலேயே மரத்துக்கு ஒட்டுக் கட்டுவதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைத்தான் வைத்தார். அவருக்குப் பிறகு அந்த வேலை ஐரோப்பாவில் மங்கிப்போய்க் கேலிக்கதையாகிவிட்டது.

1794 கடிதம்தான் அதை மறுபடி எழுப்பியது. கார்ப்பியூ அதைப் படித்து, பிணங்களில் பழகிப் பார்த்து, தகுந்த நோயாளிக்காகக் காத்திருந்தார். ஈரல் நோய்க்குக் கொடுத்த பாதரச மருந்தால் மூக்கை இழந்த அதிகாரி அந்த முதல் ஆள். இரண்டாமவர் 1811இல் ஸ்பெயினின் அல்புவேரா போரில் முகம் சிதைந்தவர். 1816இல் இரண்டையும் நூலாக்கினார். 1818இல் பெர்லினில் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபொன் கிரேஃபே 'ரைனோபிளாஸ்டிக்' என்ற நூலை வெளியிட்டார். இந்தியாவிலேயே ஜூனாகத் சமஸ்தானத்தின் மருத்துவர் திரிபுவன்தாஸ் மோதிசந்த் ஷா, தான் செய்த நூறு மூக்குகளைப் பற்றி 1889இல் நூல் எழுதினார். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் ஒரு வைத்தியசாலை திறந்தது. நியூசிலாந்தில் பிறந்த ஹரோல்ட் கில்லிஸும் அவருடைய குழுவும் அங்கே 5,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் செய்தார்கள். பிளாஸ்டிக் சேர்ஜரி தனித் துறையாக நிமிர்ந்தது அங்கேதான்.

'பிளாஸ்டிக்' என்ற சொல்லுக்கும் நம்ம பிளாஸ்டிக் வாளிக்கும் உறவு தூரம். களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. குயவர் வேலை! துறையின் பெயரிலேயே குயவர் இருக்கிறார், துறையின் வரலாற்றில் அவர் பெயர் இல்லை.

முறைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'இந்திய முறை'. இன்றைக்கும் தோல் புற்றுநோயால் மூக்கை இழந்தவர்களுக்கு நெற்றித் தோல் மடல்தான் முக்கியமான வழி. அதே புருவ முனை, அதே பாலம், ஏறத்தாழ மூன்று வாரக் காத்திருப்பு. தையல் நூல் வருகிற பொட்டலத்தின் அலுமினியத் தாளை வெட்டி மூக்கில் அளவெடுத்து, பிறகு நெற்றியில் விரித்துக் கோடு போடுகிற சத்திரசிகிச்சையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். இலை போய் மெழுகு வந்தது, மெழுகு போய் அலுமினியம் வந்தது. அவ்வளவுதான்.

மறுபடி கண்டி

மூக்கறுபட்டுக் கொழும்பு வந்த அந்த மூன்று பேரை வைத்துப் பிரவுன்ரிக் ஒரு போரையே நியாயப்படுத்தினார். 1815 ஜனவரியில் படைகள் மலை ஏறின. பெப்ரவரி 18ஆம் திகதி மன்னன் பிடிபட்டான். மதுரை வழி வந்த நாயக்கர் வம்சத்தின் கண்ணுசாமி என்ற அந்த மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் ஆறாவது பிரிவு சித்திரவதையையும் கை, கால், உறுப்புகளை அறுப்பதையும் ஒழிக்கிறது. நல்ல விஷயம்தான், அதை மறுக்க முடியாது. மன்னன் செய்த கொடுமையை அவன் நம்ம மொழி பேசியவன் என்பதற்காக நாங்கள் மூடி மறைக்கவும் மாட்டோம். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மை காய்ந்து மூன்று வருடத்தில், ஊவாக் கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று அதே ஆங்கிலேயர் ஊர்களைக் கொளுத்தினார்கள். வண்டிக்காரர் காவஸ்ஜியின் முகம் திப்பு கொடியவன் என்பதற்குச் சாட்சி ஆனது. கண்டி வணிகர்களின் முகம் ராஜசிங்கன் கொடியவன் என்பதற்குச் சாட்சி ஆனது. காயம் ஏழையுடையது, அதன் பயன் ஆளுகிறவனுடையது.

அதே 1814இல் கொல்லப்பட்ட எஹெலபொல குடும்பத்தின் சிறுவன் மத்தும பண்டாரவின் பெயர் இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். அவன் பிரதானியின் மகன். வணிகர்கள் பத்து, ஏழு, மூன்று என்று எண்ணிக்கையாகவே நின்றுவிட்டார்கள்.

கலஹாக்காரர்களான எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. எங்கள் ஊரிலிருந்து தெல்தோட்டைப் பக்கம் ஏறினால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். டெய்லரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. குழி வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், முதல் கொழுந்து கிள்ளியவர்கள் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். பூனா கைவினைஞர் 'செங்கல் சாதி' என்ற சொல்லுக்குள் அடங்கியதுபோல. கைவேலை செய்தவனின் அறிவு ஊர் ஊராகப் போகும், கடல் தாண்டும், நூலாகும். அவன் பெயரை மட்டும் யாரும் மூட்டையில் கட்ட மாட்டார்கள்.

எங்கள் ஊர் வீதி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஊடாகத்தான் போகிறது. அங்கே கலைப்பீடமும் இருக்கு, வைத்திய பீடமும் இருக்கு. நெற்றித் தோல் மடலை எப்படி எடுப்பது என்பது வைத்திய பீடத்துப் பாடம். அதை முதலில் எடுத்த கை யாருடையது, அந்தக் கைக்கு ஏன் பெயர் இல்லை என்று கேட்பது எங்களுடைய பாடம் என்று நினைக்கிறோம். இரண்டு பக்கத்து நண்பர்களும் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து இதைப் பேசினால் நல்லது.

பூனாவின் அந்த மனிதருக்கு இனிப் பெயர் கொடுக்க முடியாது. ஆனால் நம்ம லயங்களில் இன்றும் பெயர் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பிரசவம் பார்த்த பாட்டிமார், முறிந்த எலும்புக்கு எண்ணெய் போட்டுக் கட்டுகிறவர்கள், பிள்ளைகளுக்குக் காது குத்துகிறவர்கள். அவர்களுக்கு என்ன தெரியும், யாரிடம் கற்றார்கள், எது பலித்தது, எது பலிக்காமல் போனது என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது முதல் வரியில் அவர்கள் பெயரைப் போடுங்கள்.